கட்டிலுக்கு அடியில் ஒரு வீடு

கல்கத்தாவுக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. ஊர்ப் பெயரை 2001-லேயே கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு வாயில் இன்னும் கல்கத்தாதான் வருகிறது. பழசைத் தூக்கிப் போடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரின் பழைய பெயரையே விட முடியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன் :-)

2009-ல் வேலை மாற்றலாகி இங்கே வந்தபோது வீடு தேடி ஜோத்பூர் பார்க், லேக் கார்டன்ஸ், டாக்குரியா பக்கமெல்லாம் அலைந்தேன். பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குள் போய்ப் பார்த்திருப்பேன். ஒரு விஷயம் மட்டும் புரியவேயில்லை. போன வீட்டிலெல்லாம் கட்டில் ஏறிக் குதிக்கிற உயரத்தில் இருந்தது. காலுக்குக் காலுக்கு இரண்டு செங்கல், சில வீடுகளில் மூன்று. புரோக்கரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு தனி வீடே இருந்தது. தகர டிரங்குப் பெட்டி, அரிசி டின், கூடையில் உருளைக்கிழங்கு, குளிர்காலத்துப் பஞ்சு ரஜாய், ஹார்மோனியம், பல வருஷத்துப் பூஜை மலர்கள். மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் மெத்தை தப்பிக்கவும் அந்தச் செங்கல் உதவும் என்று அவர் சொன்னதை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

கட்டிலடி நிறைந்துவிட்டால் மொட்டைமாடிப் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு குட்டி அறை இருக்கும். சிலேகோட்டா என்பார்கள். உடைந்த நாற்காலி, தொட்டில், தாத்தாவின் ரேடியோ எல்லாம் அங்கே ஓய்வெடுக்கும். எதையாவது போட்டுவிடலாமா என்று கேட்டால் வங்காளிகளிடம் ஒரே பதில்தான். "தாக் நா." இருக்கட்டுமே. அதற்கு மேல் வற்புறுத்தினால், "காஜே லாக்பே." எதற்காவது உதவும்.

நாமெல்லாம் போகிப் பண்டிகைக்காரர்கள், பழசைக் கொளுத்துகிற பரம்பரை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் உ.வே.சா. ஊர் ஊராக அலைந்த கதையும் இருக்கிறது என்பதை வசதியாக மறந்துவிடுவேன். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டும் நெருப்புக்குப் போயும் அழிந்த ஏடுகள் எத்தனையோ. மிச்சமிருந்ததைத்தான் அவர் தேடி எடுத்தார்.

இனி சொந்தக் கதை.

2022-ல் அப்பா போய்விட்டார். மன்னார்குடியில் நாங்கள் 40 வருஷமாக இருந்தது வாடகை வீடு. அம்மாவைத் தனியாக விட முடியாது என்று 2023 ஆரம்பத்தில் வீட்டைக் காலி செய்து இங்கே கூட்டிவந்தேன். அம்மாவோடு 19 அட்டைப்பெட்டிகளும் லாரியில் வந்தன. எங்களுடையது ஜோத்பூர் பார்க்கில் தரைத்தள வீடு, இரண்டு படுக்கையறை. அதில் ஏற்கெனவே நான், தங்கமணி, மகள், மகளின் கீபோர்டு, எங்கள் வாஷிங் மெஷின் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பெட்டிகள் வந்த அன்று கூடத்தில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சியது.

தங்கமணி அப்போது மாரி கோண்டோ பக்தை. வீட்டை ஒழுங்கு செய்வது பற்றிய அந்த ஜப்பானியப் பெண்மணியின் புத்தகம் 2014-ல் ஆங்கிலத்தில் வந்தது, 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்க வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். தங்கமணி இதை அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினாள். அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "வெளக்கெண்ணெய் பாட்டில் எனக்கு ஒரு சந்தோஷமும் தரல. தூக்கிப் போட்டுடலாமா?" என்றார்.

மாடியில் எங்கள் வீட்டுக்காரம்மா. மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மா கட்சி. "2020 லாக்டவுன்ல சத்யஜித் ராய் வீட்டைச் சுத்தம் பண்ணப்போ அவர் மகனுக்கு என்ன கிடைச்சுது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். உண்மைதான். பிஷப் லெஃப்ராய் சாலை வீட்டை ஒழுங்கு செய்த சந்தீப் ராய்க்கு, அப்பா இறந்து 28 வருஷத்துக்கு அப்புறம், ஏராளமான பழைய நெகட்டிவ்களும் கடிதங்களும் கிடைத்தன. யாராவது முன்பே நன்றி சொல்லி அனுப்பியிருந்தால் போயே போயிருக்கும். தங்கமணியின் பதில்: "நம்ம வீட்ல சத்யஜித் ராய் யாரும் இல்லையே மாஷிமா!"

நடுவில் மாட்டிக்கொண்ட நான் செய்த முதல் காரியம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா லேக் மார்க்கெட்டுக்கு வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போயிருந்தார். தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கேட்டது. இங்கே பிக்ரிவாலா என்பார்கள். ஒரு பெட்டியைத் திறந்தேன். சணல் கயிற்றில் கட்டிய பழைய பஞ்சாங்கங்கள், முப்பதுக்கு மேல் இருக்கும். உலகத்தில் எதற்குமே உதவாத பொருள் ஒன்று உண்டென்றால் அது போன வருஷத்துப் பஞ்சாங்கம்தானே? இது முப்பது வருஷத்துப் பஞ்சாங்கம். தராசில் மூன்று கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 36 ரூபாய் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாதித்த திருப்தி வேறு.

அம்மா வந்து கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சண்டை போடாமல், ஏதோ விசாரிக்கிற மாதிரியே சொன்னார்: "ஓரத்துல எல்லாம் அப்பா எழுதி வச்சிருந்தாரேடா. பசு கன்னு போட்டது, கெணறு தூர் வாரினது, பாட்டி போனது. 81-ல நீ பொறந்த நேரத்தை அதுலதான் குறிச்சார்."

தெருமுனை வரை ஓடினேன். அந்த சைக்கிள் வண்டியைக் காணவில்லை. அடுத்த வாரம் வேறு ஆள் வந்தார்.

அன்றோடு நான் கட்சி மாறினேன். இனி எதையும் தூக்கிப் போடுவதில்லை, ஒழுங்காக அடுக்கி வைப்பதுதான் தீர்வு என்று முடிவெடுத்தேன். கரியாஹாட் நடைபாதைக் கடைகளில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள், சுவரில் மாட்டும் அலமாரி, கதவுக்குப் பின்னால் தொங்கும் பைகள் என்று வாங்கித் தள்ளினேன். சித்திரைப் பிறப்புக்கு முந்தைய மாதம் அங்கே சைத்ரா சேல் என்று ஒரு தள்ளுபடித் திருவிழா நடக்கும். 2024 சேலில் மட்டும் 14 பெட்டி. ஆசாரியை வைத்துப் பரணை நீட்டினேன். மகள் அழகாக லேபிள் எழுதி ஒட்டினாள். 'ஒயர்கள்', 'சார்ஜர்கள்', 'வாரண்டி கார்டுகள்', 'காலிப் பெட்டிகள்'. ஆமாம், காலிப் பெட்டிகள் வைக்க ஒரு பெட்டி. பார்க்க மிக அழகாக இருந்தது. நண்பர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அழகாக இருந்ததில் எனக்கு ஒன்று தெரியவில்லை. எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிற கஷ்டமான வேலையை நான் செய்யவேயில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டி வாங்கினேன். சுலபமாகக் கையாளக்கூடியது எதுவோ அதற்கு நல்ல இடம் கிடைத்தது. மனதுக்குக் கஷ்டமானதை, அப்புறம் பார்க்கலாம் என்று அதே அட்டைப்பெட்டியிலேயே விட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதில் ஒன்று அப்பாவின் வரவு செலவு நோட்டுகள். 1974-லிருந்து 2021 வரை, வருஷத்துக்கு ஒன்றாக 48 நோட்டு.

எங்கள் கட்டிலுக்குச் செங்கல் வைக்கவில்லை. தங்கமணிக்கு அது பிடிக்காது, எனக்கும் முட்டி வலி.

வங்காளிகளுக்கு பாத்ரா மாதம் துணிமணிகளை வெயிலில் போடும் மாதம். நம் ஆவணியோடு ஒட்டி வரும். மழை கொஞ்சம் விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும். அடுக்கில் இருக்கிற பட்டுப்புடவை, கம்பளி எல்லாம் மாடிக்குப் போகும். அந்தச் சாக்கில் எல்லாப் பெட்டிகளும் வருஷத்துக்கு ஒருமுறை திறக்கப்படும். 2025-லும் மாஷிமா கூப்பிட்டார். "அடுத்த ஞாயிறு பண்ணலாம் மாஷிமா" என்று சொல்லிச் சொல்லியே மாதத்தை ஓட்டினேன்.

2025 செப்டம்பர் 22 ராத்திரி. மகாளய அமாவாசை முடிந்து பூஜைக்கு ஊரே பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரம். நள்ளிரவுக்கு மேல் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. 24 மணி நேரத்துக்குள் சுமார் 250 மில்லிமீட்டர் கொட்டியதாக மறுநாள் செய்தி. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் தாக்கிச் சிலர் உயிரே போனது. அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒரு கஷ்டமே இல்லை. விடிகாலை நாலரைக்கு அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து காலைக் கீழே வைத்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.

கிடைத்ததையெல்லாம் தூக்கிக் கட்டில் மேலும் மேசை மேலும் போட்டோம். அந்த அட்டைப்பெட்டியை இழுத்தபோது அடிப்பாகம் கையோடு வரவில்லை. நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பாளமாகியிருந்தன. நிமிர்ந்து பார்த்தால் புதுப் பரணில் 'ஒயர்கள்', 'சார்ஜர்கள்', 'வாரண்டி கார்டுகள்' எல்லாம் ஒரு துளி படாமல் சௌக்கியமாக இருந்தன. அப்போது எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று ஞாபகமில்லை.

மாஷிமாதான் படியிறங்கி வந்து காரியத்தைக் கையில் எடுத்தார். "பிரிக்காதே, கிழிஞ்சுடும். வெயில்ல வைக்காதே, காகிதம் முறுக்கிக்கும்." நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், 48 நோட்டை இரண்டு நாளில் காயவைக்க நம்மால் முடியாது, அதனால் முடிந்ததை இப்போது எடு, மற்றதை உறைய வை என்றார். பெரிய நூலகங்களில் வெள்ளம் புகுந்தாலும் இதுதான் முறையாம். கரண்ட் வந்ததும் அவர் வீட்டு ஃபிரீஸரில் இருந்த மீன் எல்லாம் வெளியேறி, பிளாஸ்டிக் பையில் கட்டிய எங்கள் அப்பாவின் கணக்கு உள்ளே போனது. மற்ற நோட்டுகளைப் பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் செருகி, ஃபேன் காற்றில் விசிறி மாதிரி நிறுத்தி வைத்தோம். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும் என்று அதற்கும் ஒரு திட்டு. பூஜை முழுவதும் ஊர் பந்தல் பந்தலாகச் சுற்றியது. நாங்கள் தாள் மாற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்று வாரத்தில் பெரும்பாலானவை காய்ந்தன. அப்பா 1989 வாக்கில்தான் பால்பாயிண்டுக்கு மாறியிருக்கிறார். அந்த மை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. 1990-லிருந்து எல்லாம் படிக்க முடிகிறது. அதற்கு முன்பு எழுதியது ஹீரோ பேனாவில், நீல மையில். பக்கம் முழுக்க ஆகாச நீலம் பரவி, நடுவே எங்கேயோ ஒரு கூட்டல் கோடு மட்டும் தெரிகிறது. 1981 நோட்டும் அதில் ஒன்று.

நான் பிறந்த வருஷத்தை அப்பா இரண்டு இடத்தில் எழுதி வைத்திருந்தார். ஒன்றை நான் தூக்கிப் போட்டுத் தொலைத்தேன். இன்னொன்றைப் பத்திரமாக வைத்துத் தொலைத்தேன்.

தாள் மாற்றிக்கொண்டிருந்த ஒருநாள் மாஷிமா கேட்டார், "உங்க ஊர் ரங்கநாதன் சொன்னதெல்லாம் உனக்குத் தெரியாதா?" எந்த ரங்கநாதன் என்று விழித்தேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளையும், 1933-ல் கொண்டுவந்த கோலன் வகைப்பாட்டையும் படிக்காமல் இந்தியாவில் யாரும் நூலகர் ஆக முடியாதாம். மன்னார்குடிக்காரனுக்குச் சீர்காழிக்காரரைப் பற்றி ஜோத்பூர் பார்க்கில் ஒரு வங்காளி அம்மா பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். முதல் விதியின் சாரம், பூட்டி வைப்பதற்காக எதையும் சேர்க்காதே, பயன்பட வேண்டும் என்பது. தேடுகிறவன் நேரம் வீணாகக்கூடாது என்பது இன்னொரு விதி. இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியாது என்றால் அது இல்லாத மாதிரிதான். கடைசி விதிதான் எனக்கு உறைத்தது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற உயிர் மாதிரி. அதனால் எந்த அலமாரியையும் முழுக்க நிரப்பக்கூடாது, புதிதாக வருவதற்கு இடம் விட வேண்டும், அவ்வப்போது களையும் எடுக்க வேண்டும். "நாங்க புத்தகத்தைக் கழிப்போம்பா. ஆனா பக்கம் புரட்டிப் பாக்காம கழிக்க மாட்டோம்" என்றார். "தாக் நா" சொல்கிற மாஷிமா வாயிலிருந்து இது!

தங்கமணி சொன்னதும் சரி, அம்மா சொன்னதும் சரி, நான்தான் இரண்டையும் தப்பான வரிசையில் செய்தேன் என்று அப்போது புரிந்தது. பார்க்காமல் கழித்தேன், அப்புறம் பார்க்காமல் அடுக்கினேன். இரண்டிலும் விட்டுப்போனது பார்ப்பதுதான்.

நவம்பரில் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை கழிப்பதில் ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் மறுபடி வந்தால் முதலில் எதைத் தூக்குவோம் என்று நான்கு பேரும் தனித்தனியாக எழுதினோம். அதற்கெல்லாம் வீட்டிலேயே நல்ல இடம். அதாவது தரையும் இல்லை, வெயிலில் காய்கிற பரணும் இல்லை. இடுப்பு உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு பீரோவின் நடுத்தட்டு. காகிதத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை வரும் என்பதால் நன்றாகக் காய்ந்ததை மட்டும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தோம். மிச்சமிருந்த நோட்டுகளை மகள் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்தாள். ஒவ்வொரு தட்டிலும் கால்பங்கு காலி. எது எங்கே என்று அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படி முக்கியமானதெல்லாம் பத்திரமாக உட்கார்ந்த பிறகு, ஆச்சரியமாக, மற்றதை விடுவது சுலபமாக இருந்தது. அம்மாவே எட்டு பித்தளைப் பாத்திரத்தில் ஐந்தைக் கொடுத்துவிட்டார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண்கள் இங்கே தெருவில் வருவார்கள். அவர்களிடம் என் சட்டைகள் போய் ஒரு ஸ்டீல் டப்பா வந்தது. அம்மாவின் நைந்த நூல்புடவைகளை மட்டும் மாஷிமா தடுத்துவிட்டார். நாலைந்து புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு காந்தா போர்வை ஆக்கினார்கள் இரண்டு பேரும். அம்மாவுக்கு வங்காளி தெரியாது, மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் எப்படியோ பேசிக்கொண்டேதான் தைத்தார்கள். மகள் இப்போது அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள்.

மாரி கோண்டோவே மூன்று குழந்தை பிறந்த பிறகு முன்பு மாதிரி வீட்டை ஒழுங்காக வைக்க முடியவில்லை என்று 2023-ல் சொல்லிவிட்டாராம். தங்கமணி அதைப் படித்துவிட்டு, "பாவம், நல்லவங்க" என்றாள்.

இந்த 2026 போகிக்கு எதையும் கொளுத்தவில்லை. அன்று காலை அம்மா லேக் மார்க்கெட் பக்கம் போய் வரப்போகிற வருஷத்துப் பஞ்சாங்கம் கேட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை என்றார்களாம். இருந்த பழையதையே எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். நான் பிறந்த நேரம். அதற்குக் கீழே, 'ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா 2 ரூபாய். திரும்பி வர 3 ரூபாய், குழந்தை இருந்ததால்.'

"இதெல்லாம் எப்படிம்மா ஞாபகம் இருக்கு?"

"கணக்கு அவர் எழுதினார். காசு குடுத்தது நான்தானேடா."

பி.கு: 'ஒயர்கள்' பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை. எதற்காவது உதவும்.